ஜோடி சேராத ஷூ

தாராவி மெயின் ரோட்டில் நூர் நிஷாவின் செருப்புக் கடையைக் கடந்து போகிற எவரும் அவள் குரலைக் கேட்காமல் போக முடியாது. பேரம் பேசுகிறாளா, சண்டை போடுகிறாளா, சந்தோஷமாக இருக்கிறாளா என்று வெளியாளுக்குப் புரியாது. மூன்றுக்கும் ஒரே குரல்தான். மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் பேக்கரிக்காரனிடம் பாவ் வாங்கக்கூட வாய் திறக்கப் பயந்து விரலைக் காட்டி வாங்கியவள் இவள்தான் என்றால் இன்று யார் நம்புவார்கள்! இந்தியை அவள் யாரிடமும் உட்கார்ந்து படிக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டே கற்றுக்கொண்டாள். அதனால் அவளுடைய இந்தியில் வசவெல்லாம் முதல் தரம். மரியாதைச் சொற்களுக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு.

கீழே கடை. இரும்பு ஏணியில் ஏறினால் பட்டறை. அதற்கும் மேலே, தகரக் கூரைக்குக் கீழே வீடு. பட்டறையைப் பார்த்துக்கொள்வது அவள் கணவர் முகம்மது ஹனீப். அவர் வாயே திறக்க மாட்டார். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று அல்லா நினைத்துவிட்டான் போலும். தோல் வெட்டுகிறவர், தைக்கிறவர், சோல் ஒட்டுகிறவர் என்று வேலைக்கு ஆள் இருந்தாலும், கடைசியில் இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உயரமும் அகலமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரு நூல் கூடியிருந்தாலும் மெஷினில் கொடுத்துத் தேய்த்துச் சமமாக்கிப் பெட்டியில் போடுவது அவர் பொறுப்பு. அதற்குப் பெயர் ஜோடி சேர்ப்பது. வாலிப வயதிலிருந்து அதையே செய்து செய்து, மனிதருக்கு அது வியாதி மாதிரி ஆகிவிட்டது. விருந்தாளிகள் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைக்கூடக் குனிந்து ஜோடி சேர்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருமுறை பள்ளிவாசலுக்கு வெளியே இப்படி அடுக்கிக்கொண்டிருந்தவரைச் செருப்புத் திருடன் என்று ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். நூர் நிஷா போய்க் கத்தித்தான் மீட்டு வந்தாள்.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை அது. ஹனீப் காலையிலேயே சரக்கை டெம்போவில் ஏற்றிக்கொண்டு விக்ரோலிக்குப் போய்விட்டார். மதியம் நெருங்கியும் கடையில் போணி ஆகவில்லை. முதல் வியாபாரம் ஆகாத நாளில் நூர் நிஷாவின் பக்கத்தில் ஈ கூடப் போகாது. எதிர்க்கடை ரேடியோவைத் திட்டி முடித்து, மின்விசிறியைத் திட்டத் தொடங்கிய நேரத்தில்தான் அந்தப் பெண் படியேறினாள்.

நூர் நிஷா யாரையும் முதலில் முகம் பார்க்க மாட்டாள். கால்தான். வந்த காலில் ஒரு செருப்பு சாதாரணமாகவும், இன்னொன்று அடியில் கட்டையாக உயர்ந்தும் இருந்தது. இடது கால் குட்டை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். வெயிலில் அலைந்து கறுத்த முகம். இப்போது அழட்டுமா, கொஞ்ச நேரம் கழித்து அழட்டுமா என்று கேட்கிற கண்கள். கையில் புத்தம் புது ஷூ டப்பா.

"க்யா சாஹியே?" என்று, என்ன வேண்டும் என்பதை இந்தியில் கேட்டாள் நூர் நிஷா.

அந்தப் பெண் தனக்குத்தானே முணுமுணுத்தாள். "கடவுளே, இவவுக்கும் தமிழ் தெரியாது போல."

"ஏ புள்ள! தமிழா நீ? அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான! வா, உக்காரு. தண்ணி குடி. எந்த ஊரு ஒனக்கு?"

வவுனியா. இலங்கை. பெயர் தர்ஷிகா. பள்ளிக்கூடத்தில் டீச்சர். மறுநாள் காலையில் நடக்கிற மும்பை மாரத்தானில் அரை மாரத்தான் ஓட வந்திருக்கிறாள். முதன்முதலாக விமானம் ஏறியவள். ஓடுவதற்கென்று அடி உயர்த்திச் செய்த ஷூவைப் பெட்டியில் போட்டு விமான நிலையத்தில் கொடுத்துவிட்டிருக்கிறாள். அவள் வந்து சேர்ந்தாள், பெட்டி வரவில்லை. அது எந்த ஊரில் இறங்கிச் சுற்றுகிறதோ! பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் ஓட்டக்காரர்களுக்கு எண் அட்டை கொடுக்கிற இடத்திலேயே புது ஷூ ஒன்று வாங்கிவிட்டாள். ஆனால் சாதாரண ஷூவைப் போட்டு என்ன பிரயோசனம்?

"இந்த இடது சப்பாத்துக்கு அடியில இவ்வளவு உயரம் வைக்கோணும் அக்கா. ரெண்டும் ஒரே உயரமா இருந்தா நூறு அடி ஓட ஏலாது, இடுப்பு கழண்டுபோகும். பெரிய கடையெல்லாம் கேட்டுப் பாத்திட்டன். ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். ஆட்டோக்காரர்தான் இங்க கொண்டுவந்து விட்டவர்."

"நாளைக்கு ஓடலன்னா என்ன ஆவும்?"

தர்ஷிகா ஷூ டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்கட பள்ளிக்கூடத்தில பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நான்தான் ஓட்டம் பழக்கிறனான். 'நொண்டி டீச்சர் என்னத்தப் பழக்குவா' எண்டு ஊரில சிரிக்கினம். ரெண்டு தாய்மார் பிள்ளைகளை நிப்பாட்டியும் போட்டினம். நாளைக்குப் பிள்ளைகள் எல்லாரும் போனை வச்சுக்கொண்டு நான் முடிக்கிறனா எண்டு பாத்துக்கொண்டிருப்பினம் அக்கா."

நூர் நிஷாவுக்குச் சுருக்கென்றது. நொண்டி என்றா சொன்னார்கள்? எவன் சொன்னான்? அவன் மட்டும் இப்போது தாராவி மெயின் ரோட்டில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

"ஜெயினு காக்கா!" என்று ஏணியைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை ரேடியோவே அடங்கிப்போனது.

சோல் ஒட்டுகிற ஜெயினுலாப்தீன் இறங்கி வந்து ஷூவைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது மெத்து மெத்துனு இருக்கே நிஷாம்மா. நம்ம ஃபோம் சீட்டு இதுல நிக்குமா? ஓடுற ஓட்டத்துல பிச்சிக்கிட்டுப் போயிரும்."

"பிச்சிக்காம ஒட்டுங்க. போணிக் கிராக்கி காக்கா இது. போணிக் கிராக்கிய வெறுங்கையோட நான் அனுப்புனதுண்டா?"

"ஒட்டுவேன். அப்புறம் வழியில புட்டுக்கிச்சுன்னா என்னய ஏசக் கூடாது."

"அதெப்படி? ஏசத்தான் செய்வேன்."

இதற்கு மேல் பேச்சு ஏது? பட்டறையில் இருந்த ஃபோம் சீட்டு முழுவதையும் எடுத்து வெட்டி, அடுக்கடுக்காகச் சொல்யூஷன் தடவி ஒட்டி, மெஷினில் ஓரம் தேய்த்து, சாயங்காலத்துக்குள் ஜெயினுலாப்தீன் ஷூவை உயர்த்திக் கொடுத்துவிட்டார். தர்ஷிகா அதை மாட்டிக்கொண்டு கடை வாசலில் இறங்கினாள். முதலில் நடந்தாள். பிறகு மெதுவாக ஓடினாள். பிறகு கைவண்டிக்கும் டெம்போவுக்கும் நடுவில் புகுந்து ஒரே பாய்ச்சல்! நூர் நிஷா புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹட்டோ, ஹட்டோ! சைட் தோ!" என்று வழிவிடச் சொல்லிக் கத்தியபடி பின்னாலேயே ஓடினாள். பழக்கடைக்காரர் கை தட்டினார். எதற்கென்றே தெரியாமல் பஸ் கண்டக்டர் ஒருவர் விசிலடித்தார். திரும்பி வந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க தங்கியிருக்க?"

"அந்தேரியில ஒரு லாட்ஜ்."

"அங்க போயி, கருக்கல்ல எந்திரிச்சி, எப்ப மாஹிம் வந்து சேருவ? ஓட்டம் அங்கதான ஆரம்பிக்கி? இங்கேருந்து பாலம் ஏறி எறங்குனா மாஹிம். எங்க மவ ஷைஸ்தா கட்டிக்கொடுத்துப் போன எடம் காலியாத்தான் கெடக்கு. பேசாம இங்க படு."

தர்ஷிகா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். நூர் நிஷாவிடம் வேண்டாம் என்று சொல்லி ஜெயித்தவர் இன்னும் பிறக்கவில்லை. பிரியாணிக்குக் கறி வாங்கக் கிளம்பியவளை மட்டும்தான் தடுக்க முடிந்தது. ஓடுவதற்கு முந்தின நாள் அதெல்லாம் சாப்பிடக் கூடாதாம். வெறும் சோறும் தயிரும் போதுமாம். "வீட்டுக்கு வந்த புள்ளைக்கு வெறுஞ்சோறா! வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க" என்று புலம்பிக்கொண்டே தயிரை ஊற்றினாள். ஷூவைக் காற்றுப் படட்டும் என்று பட்டறை மேசைமேல் வைத்துவிட்டுப் பெண்கள் இருவரும் படுத்துவிட்டார்கள். ஹனீப் விக்ரோலியிலிருந்து எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஷூ விஷயத்தை நூர் நிஷா போனில் சொல்லியிருக்கலாம். பேசவே பேசாத மனிதருக்குப் போனில் என்ன சொல்வது என்று அவளும் விட்டுவிட்டாள்.

பஜ்ர் தொழுகைக்கு வெகு நேரம் முன்னாலேயே நூர் நிஷா எழுந்து டீ போட்டாள். டம்ளரோடு பட்டறைக்கு இறங்கினால், அங்கே ஹனீப் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அபூர்வமாக அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"நம்ம ஜெயினுக்குக் கண்ணு மங்கிருச்சு போல நிஷா. ஒரு ஷூவுக்குப் போயி இம்புட்டு சோலு ஏத்தி வச்சிருக்கான். நீ பாத்தா அவன உரிச்சிருவியேன்னு நானே எல்லாத்தையும் தேய்ச்சி எடுத்துட்டேன். இப்பப் பாரு, ஜோடி எப்படிச் சேந்திருக்குன்னு!"

மேசைமேல் இரண்டு ஷூவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மயிரிழை வித்தியாசம் இல்லை. அத்தனை கச்சிதம்.

நூர் நிஷாவின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. அவள் போட்ட சத்தத்தில் தாராவியில் அந்த வரிசையே எழுந்து உட்கார்ந்திருக்கும்.

"ஏங்க! என்ன காரியம் பண்ணிட்டீய! யா அல்லா! அந்தப் புள்ளைக்கு ஒரு காலு குட்டைங்க! அதுக்காவப் பகல் பூராவும் உக்காந்து ஏத்துனது அது! இன்னிக்கு அவ ஓடணும், இப்ப ஓடணும்! கண்டதையும் ஜோடி சேக்காதியன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்! கேட்டியளா? ஒரு வார்த்த என்னய எழுப்பிக் கேட்டியளா?"

ஹனீப் எழுந்து நின்றார். அவருக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் உறைத்தது. உறைக்க உறைக்க முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. சத்தம் கேட்டு ஏணியில் இறங்கி வந்த தர்ஷிகா பாதிப் படியில் நின்று மேசையைப் பார்த்தாள். நெஞ்சில் எண் அட்டையைக் குத்தித் தயாராகவே வந்திருந்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏசாதேங்கோ அக்கா" என்றாள். "அண்ணை தெரிஞ்சோ செய்தவர்? பாவம்."

அவள் திட்டியிருந்தால்கூட ஹனீப் தாங்கியிருப்பார். அந்த 'பாவம்'தான் மனிதரை உலுக்கிவிட்டது. விடுவிடுவென்று அலமாரியைத் திறந்தார், சாக்கைக் கொட்டினார், மேசைக்கு அடியில் புகுந்து தேடினார். ஃபோம் சீட்டு ஒரு துண்டு இல்லை. எல்லாவற்றையும் நேற்றே ஜெயினுலாப்தீன் வெட்டித் தீர்த்திருந்தார். மிச்சமெல்லாம் தரையில் தூளாகக் கிடந்தது. சீட்டு விற்கிற கடை திறப்பதற்குள் வெயில் நன்றாக ஏறிவிடும். அதற்குள் ஓட்டமே முடிந்துபோகும்.

நூர் நிஷா தலையில் கை வைத்து நின்றது ஒரு நிமிஷம்தான். பிறகு தடதடவென்று கடைக்குள் இறங்கினாள். திரும்பி வந்தபோது அவள் கையில், கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருந்த கல்யாணச் செருப்பு இருந்தது. சரிகையும் கல்லும் வைத்தது. அடியில் ஒரே கனத்துக்குச் சிவப்பு ஃபோம் கட்டை. கடையிலேயே உயரமானது, விலையும் அதிகம். பெண்களை உள்ளே இழுப்பதே அதுதான்.

"வெட்டுங்க" என்றாள்.

"நிஷா, இது..."

"வெட்டுங்கன்னா வெட்டுங்க! ஒத்தச் செருப்பு போதும்."

இத்தனை வருஷம் ஜோடி சேர்த்தவர், முதல்முறையாக ஒரு ஜோடியைப் பிரித்தார். சரிகையும் கல்லும் ஒரு பக்கம் விழ, கத்தி கட்டையின் குறுக்கே போனது. சொல்யூஷன் தடவி, சூடு காட்டி, அழுத்தினார். தர்ஷிகாவை இரண்டு ஷூவையும் மாட்டிக்கொண்டு பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொன்னார். நூர் நிஷா அவள் இடுப்பெலும்பு இரண்டிலும் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொள்ள, ஹனீப் எட்ட நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த இரண்டு கைகளின் உயரத்தைப் பார்த்தார். ஷூவை அவர் பார்க்கவே இல்லை.

"எடது பக்கம் ஒரு நூலு கூடுது."

கழற்றினார், தேய்த்தார், மாட்டினார்.

"இன்னும் கொஞ்சம். குதிகாலு சரி, முன்னால கொறைக்கணும்."

"ஜல்திங்க! நேரமாவுது!"

"இரு புள்ள" என்றார். நூர் நிஷாவை அவர் அதட்டியது அதுதான் முதல்முறை. அவளும் கப்சிப்.

ஸ்கூட்டரை நூர் நிஷாதான் ஓட்டினாள். பின்னால் தர்ஷிகா, வெறுங்காலோடு. சொல்யூஷன் இறுக வேண்டும் என்பதால் ஷூவை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, பலம்கொண்ட மட்டும் அழுத்திப் பிடித்திருந்தாள். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பாலத்தில் ஏறி இறங்கி மாஹிமில் நுழைந்தால் தெருவெல்லாம் ஜனம்! கலர் கலராகச் சட்டை, ஸ்பீக்கரில் பாட்டு, தோலைப் பதம் பார்க்கிற அந்தக் குளிரிலும் குதித்துக்கொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான கால்கள். "இம்புட்டு காலா!" என்று நூர் நிஷா ஒரு கணம் வியாபாரத்தை நினைத்து வாய் பிளந்தாள். பிறகு ரோட்டிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து தர்ஷிகாவுக்கு ஷூ மாட்டினாள், நாடாவை இறுக்கினாள், முடிச்சின்மேல் பிஸ்மி சொல்லி ஊதினாள்.

"ஓடு புள்ள. ஒருத்தனயும் திரும்பிப் பாக்காத. ஓடு!"

கூட்டம் அவளை விழுங்கிக்கொண்டது. அப்போதுதான் ஹனீப் வந்து சேர்ந்தார். தாராவியிலிருந்து ஓடியே வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், பேச மூச்சில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "சாச்சா, ஆப்கா ரேஸ் ஹோ கயா க்யா?" என்று, அவர் ஓட்டம் அதற்குள் முடிந்துவிட்டதா எனக் கேட்டார்.

அதற்குப் பிறகு என்ன, கடையைத் திறக்கவா போவார்கள்? ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு லோக்கல் ரயில் பிடித்துச் சர்ச்கேட்டில் இறங்கி, ஓட்டம் முடிகிற இடத்துக்கு நடந்தார்கள். வழி முழுக்க நூர் நிஷா பேசிக்கொண்டே வந்தாள். பிய்ந்துபோகுமோ? சூடு போதாதோ? ஓட்டம் போகிற கடல் பாலத்தில் ஈரக் காற்று அடிக்குமே, சொல்யூஷன் இளகிவிடுமோ? ஹனீப் தலை குனிந்து நடந்தார். அவர் குனிந்து நடக்க நடக்க அவளுக்குக் கோபம் ஏறியது, கோபத்தை விடப் பயம் ஏறியது.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் பறந்து வந்தவர்கள் போனார்கள். பிறகு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிறகு தனித்தனியாக, தள்ளாடித் தள்ளாடி வந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நேரக் கெடு முடியப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நூர் நிஷா வருகிற முகம் ஒன்றையும் பார்க்கவில்லை. கால்களை மட்டுமே பார்த்தாள். கால், கால், கால். எல்லாம் ஜோடி சேர்ந்த கால்கள். அவளுக்கு வேண்டியது அதுவல்ல.

"அந்தா!" என்றார் ஹனீப்.

அடியில் சிவப்புக் கட்டை வைத்த ஷூ! தூரத்தில், உடம்பு ஒரு பக்கமும் சாயாமல், ஒரே சீராக, தட் தட் என்று வந்துகொண்டிருந்தது!

"தர்ஷிகா! ஏ தர்ஷிகா! வா புள்ள, வா! விட்றாத! வா!" பம்பாயின் அந்தப் பெரிய கட்டடங்களுக்கு மேலப்பாளையத்துத் தமிழ் அவ்வளவு சத்தமாக அதுவரை கேட்டிருக்காது. கூட நின்றவர்களுக்குப் பெயர் மட்டும் புரிந்தது. அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். தர்ஷிகா, தர்ஷிகா! அவள் சிரித்தாள், அழுதாள், வேகத்தைக் கூட்டினாள். கோட்டைத் தாண்டினாள்.

பதக்கம் கழுத்தில் ஆட, தடுப்புக் கம்பிக்கு அருகில் வந்தவளை நூர் நிஷா முதலில் கட்டிப்பிடிக்கவில்லை. "காலத் தூக்கு, காலத் தூக்கு" என்று இடது காலைக் கம்பிமேல் வைக்கச் சொன்னாள். கட்டை விரலால் ஓரம் முழுவதும் அழுத்திப் பார்த்தாள். எங்கேயும் ஒரு பிளவு இல்லை.

"ஒட்டிக்கிச்சுங்க" என்றாள். பிறகு உடைந்துபோய், "ஒட்டிக்கிச்சு! ஒட்டிக்கிச்சு!" என்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.

ஹனீப் கிட்டே வரவில்லை. நாலடி தள்ளி நின்றார். தர்ஷிகாதான் கூப்பிட்டாள். "அண்ணை, இங்க வாங்கோ."

வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இடுப்பு ரொம்ப வலிக்குதாம்மா?"

"பழைய சப்பாத்து போட்டு ஓடினா, பாதித் தூரத்தில நோகத் தொடங்கிடும் அண்ணை. எப்பவும் அப்பிடித்தான். அது பழகிப்போச்சு." அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள், தனக்கே நம்பிக்கை இல்லாதவளைப் போல. "இண்டைக்கு ஒரு இடமும் நோகேல்லை."

ஹனீப் தலையை ஆட்டினார். அப்படியே நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். காலையிலிருந்து அவரை வறுத்தெடுத்த நூர் நிஷா, அத்தனை ஜனம் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து தன் துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"எந்திரிங்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். "அந்தப் புள்ள ஊர்ப் புள்ளைகளுக்குப் போன் போடுது பாருங்க. அதுகளுக்கு ஒங்களையும் காட்டணுமாம்."